பச்சைக் குழாய்

கப்பலிலிருந்து
12.1.1991

அன்புள்ள மதிக்கு,

நலம். நீயும் பிரவீனாவும் நன்றாக இருந்தால் இந்தக் கடல் நடுவில் எனக்கு வேறெதுவும் வேண்டாம். வளைகுடாவில் சண்டை வரும் என்று இங்கேயும் ரேடியோவைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது. நாங்கள் இருப்பது பம்பாய்ப் பக்கத்துக் கடல்தான். பயப்படாதே.

நாளை நானும் ஜெபகுமாரும் அறைக்குள் போகிறோம். அப்படியென்ன அறை என்று பிரவீனா கேட்டிருந்தாளே, சொல். கப்பலின் மேல் தளத்தில் ஓர் இரும்பு உருளை. கடலடியில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவையும் அதற்குள் ஏற்றிவிடுவார்கள். வேலை முடியும்வரை அதில்தான் சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம். வேலை நேரத்தில் ஒரு கூண்டில் ஏறி அடியில் இறங்குவோம். ஒருவன் வெளியே போய் எண்ணெய்க் குழாயில் வேலை பார்ப்பான், மற்றவன் கூண்டிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்வான். வெளியே வரவேண்டுமென்றால் நாள்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்க வேண்டும். சட்டென்று கதவைத் திறந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைத்துவிடும். சாப்பாடும் கடிதமும் ஒரு சின்ன இரட்டைக் கதவு வழியாக உள்ளே வரும். ஹீலியம் கலந்த காற்றில் எங்கள் குரல் வாத்துக் குரலாகிவிடும். ஜெபா அந்தக் குரலில் ஞானப்பாட்டு பாடினால் சிரிப்பு தாங்காது.

ஒரு சந்தோஷம் கேள். மூச்சுக் காற்றுக்குப் புதுக் குழாய் வந்து இறங்கியிருக்கிறது. பச்சை நிறம். மேலே ஸ்ரீபெரும்புதூர் என்று அச்சு! முனையில் நீ சோதித்துக் குத்தும் முத்திரை, வட்டத்துக்குள் 'ம'. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "என் பெண்டாட்டி பார்த்து அனுப்பினதுடா" என்றேன். "அப்போ அண்ணி கீழயும் உங்கள விடமாட்டாங்களா அண்ணே?" என்கிறான் ஜெபா. பழைய குழாயில் கோளாறு ஒன்றுமில்லை. ஆனாலும் கூண்டோடு என்னைப் பிணைக்கும் கயிற்றில் பச்சையைத்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

பிரவீனாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அவளைத் திட்டாதே.

உன்,
வசந்தகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
24.1.1991

பிரவீனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் செய்யுங்கள். அந்தப் பச்சைக் குழாயைக் கழற்றிவிடுங்கள். இன்று காலை இதையே தந்தியாகவும் அடித்திருக்கிறேன். இதற்குள் கழற்றியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் பச்சைக்கு முத்திரை குத்தவே இல்லை. மார்கழியில் அந்த ரோல்களைச் சோதித்தேன். அழுத்தம் ஏற்றி இறக்கியதும் உள் ரப்பர் கழன்று கொப்புளமாக எழும்பியது. வெளியே தொட்டால் வழவழவென்று இருக்கும். உள்ளே எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று தனியாக ஒதுக்கினேன். பிறகு கிருத்திகைக்குப் பிரவீனாவை வல்லக்கோட்டைக்கு அழைத்துப்போக ஒருநாள் லீவு எடுத்தேன். லீவு என்றால் முத்திரையை மேனேஜர் நடேசனிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் எங்கள் கம்பெனி வழக்கம்.

இன்று காலை நேராகச் சோதனைக் கூடத்துக்குப் போனேன். ஒதுக்கிய இடம் காலி. ரோல் உருட்டும் பாஞ்சாலியைக் கேட்டேன்.

"அதான் லாரி ஏறிப் போய்க்கீதேக்கா. நீ லீவுல போன அன்னிக்கு நடேசன் சாரு உன் சீல வெச்சிகினு டக்கு டக்குனு குத்திக்கினு இருந்தாரு. இன்னா சார், அக்கா வேணாம்னு ஒதுக்கனதாச்சேன்னு கேட்டேன். பம்பாய் பார்ட்டி வெயிட் பண்றான், நீ லைனப் பாருன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தெரிஞ்சிதான் சீலக் குட்த்துட்டுப் போனன்னு நெனச்சேன்கா. இன்னா மூஞ்சி இப்டி ஆவுது? குந்து, தண்ணி கொண்டாறேன்."

உட்காரவில்லை. தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருக்கும் குமாஸ்தா பாபு எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு, "இன்னா மேடம், குழா மேட்டருக்கா எக்ஸ்பிரஸ் தந்தி? லெட்டரு போட்டா போவாதா?" என்று சிரித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

தொழிற்சாலைச் சங்கு ஊதும்போதெல்லாம் நீங்கள் மூச்சை இழுப்பதாகத் தோன்றுகிறது. கழற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

மதிவதனி


கப்பல், அறைக்குள்ளிருந்து
27.1.1991

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. கோபமா, அல்லது உங்கள் தபால்காரருக்குப் பொங்கல் இன்னும் முடியவில்லையா?

இங்கே ஒரே கொண்டாட்டம். ஜெபாவின் ஞானம்மாவுக்குப் பெண் குழந்தை! சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த கடிதம் சின்னக் கதவு வழியாக, சாம்பார் பாத்திரத்தோடு உள்ளே வந்தது. ஜெபா அதைப் படித்துவிட்டு அழுதான். வாத்துக் குரலில் அழுகையைக் கேட்டிருக்கிறாயா? நான் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான்.

அவனுக்குப் பரிசாகக் கொடுக்க இந்த இரும்புக் குடுவைக்குள் என்ன இருக்கிறது? என் பச்சைக் குழாயைக் கொடுத்துவிட்டேன். மேலே இருப்பவர்களிடம் சொல்லி அவன் கயிற்றில் மாற்றிக் கட்டியாயிற்று. "இனிமே நீ ஒத்த ஆளு இல்லடா, பொண்ணப் பெத்தவன். மதி பார்த்து அனுப்பினது, நம்பிப் போட்டுக்கோ" என்றேன். நான் பழைய கறுப்புக்கே போய்விட்டேன். உனக்கு வருத்தமில்லையே?

இன்னொன்று. பிரவீனா மார்க்கு வாங்கினாலும் சரி, வேறு என்ன விசேஷமானாலும் சரி, தந்தி அடிக்காதே, கடிதமாகவே எழுது. அறைக்குள் இருப்பவனுக்குத் தந்தியைக் கொடுப்பதில்லை என்பது இந்தக் கப்பலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். தந்தி என்றாலே சாவுதானே. கேள்விப்பட்டு என்ன செய்வான், கதவைத் திறந்துகொண்டு ஓடவா முடியும்? அடியில் போய்க் கவனம் தவறுவான். அதனால் மேற்பார்வையாளர் பெரியவர் அதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார், வெளியே வந்ததும் கையில் கொடுப்பார். போன வருடம் ஜெபாவின் அப்பா போனதும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

முந்தாநாள் எங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ரேடியோக்காரர் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் இழுப்பறையை மூடினார். அன்று முழுவதும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தப் பாவிக்கு வந்ததோ!

உன்,
வசந்தகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
3.2.1991

பிரவீனா அப்பாவுக்கு,

அந்தப் பாவி நீங்கள்தான். அந்த உறை என்னுடையது.

உங்கள் கடிதத்தை நேற்று வாசலிலேயே நின்று படித்தேன். பச்சைக் குழாய் உங்கள் மேல் இல்லை என்ற வரிக்கு வந்ததும் பல நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், கடவுளே நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த வரி ஜெபகுமார். சொன்ன நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

உடனே பம்பாய் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். வெகுநேரம் காத்திருந்து கிடைத்தது. ஒரு பெண் பேசினாள். குழாய், பச்சைக் குழாய், ஆபத்து என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் கத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், வீட்டில் அவசரம் என்று கப்பலுக்குச் சொல்லிவிடுகிறோம்" என்றாள். வீடு இல்லையம்மா, குழாய் என்பதற்குள் லைன் போய்விட்டது. வீட்டில் அவசரம் என்றால் அதுவும் அந்த இழுப்பறைக்குத்தானே போகும்?

நடேசனிடம் போனேன். மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி பேசினார். "கடலுக்கு அடில போய் யாரு மேடம் பாக்கப்போறான்னு நெனச்சேன். உங்க வூட்டுக்காரரே போட்டுக்குவாருன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

"வேற யாரு வீட்டுக்காரரா இருந்தா பரவாயில்லையா சார்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. வாசலில் நின்று நான் சொன்ன நன்றிக்கும் அவர் பேச்சுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

என் போன கடிதமாவது சாம்பார் பாத்திரத்தோடு உள்ளே வந்திருக்க வேண்டும். வந்திருக்கும். வந்திருக்கும் என்று எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

ஞானம்மாவைப் பார்க்கப் போகவில்லை. குழந்தைக்குச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவள் ஊருக்குப் போகும் படப்பை பஸ்ஸில் ஏறக் கால் வரவில்லை.

மதிவதனி


பம்பாய்
4.2.1991

மதி,

29ஆம் தேதி ஜெபா வெளியே வேலை செய்துகொண்டிருந்தான். நான் கூண்டில் இருந்தேன். பிள்ளைக்குப் பெயர் யோசித்துக்கொண்டே திருகு முடுக்கினான். நடுவில் "அண்ணே, காத்து" என்றான். அவ்வளவுதான். முதுகிலிருக்கும் அவசர பாட்டிலைத் திறந்திருக்கிறான். ஆனால் கயிறு எண்ணெய்க் குழாயைத் தாங்கும் இரும்புக் காலில் சுற்றிக்கொண்டது. நான் வெளியே போய் விடுவித்து இழுத்து வருவதற்குள் நேரமாகிவிட்டது. கூண்டில் வைத்து வாயோடு வாய் ஊதினேன். நாடி வந்தது. நினைவு வரவில்லை. டாக்டரையும் எங்களோடு அறைக்குள் ஏற்றினார்கள். கதவைத் திறக்க முடியாமல், அழுத்தம் இறங்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் சின்னக் கதவு வழியாக உன் கடிதம் வந்தது.

நேற்று வெளியே வந்தோம். பெரியவர் தந்தியை இரண்டு கையாலும் நீட்டினார். பிரித்து அவரிடமே படித்துக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கப்பலிலிருந்து இறங்கும்வரை அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை.

ஜெபா இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண் திறக்கிறான், யாரையும் தெரியவில்லை. அவன் தம்பி வந்திருக்கிறான். ஞானம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம். பச்சை உடம்புக்காரி, கேட்டால் பால் நின்றுவிடும் என்கிறான். நீ போய்ப் பார். வேலை நீண்டுவிட்டது, வாத்துக் குரல் என்பதால் போனில் பேச முடியவில்லை என்று சொல். நீ சொன்னால் நம்புவாள்.

வசந்தகுமார்


ஸ்ரீபெரும்புதூர்
12.2.1991

பிரவீனா அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். சொல்ல வேண்டிய பொய்யைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞானம்மா வெந்நீரில் குளித்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். "வாங்கக்கா, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? மூக்கப் பாருங்க, அப்படியே அவரு மூக்கு" என்று குழந்தையை என் மடியில் போட்டாள். வேலை நீண்டுவிட்டதாம் என்றேன். குரல்தான் வாத்து மாதிரி ஆகிவிடுமே என்றேன். சிரித்தாள். "அந்தக் கொரலுக்கா நான் கழுத்த நீட்டினேன்!" என்றாள். நம்பிவிட்டாள், நீங்கள் சொன்ன மாதிரியே.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அவர் கடைசியாக எழுதிய கடிதத்தை எடுத்து, என்னையே படிக்கச் சொன்னாள். 'பயப்படாதே ஞானம். அண்ணன் தன் புதுக் குழாயை எனக்குக் கொடுத்துவிட்டார். மதி அக்கா சோதித்தது.'

"அதான்கா இந்த வாட்டி நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, குழாய், நடேசன், தந்தி, நீங்கள் அவருக்கு அதைக் கொடுத்தபோது சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எத்தினி நாளா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். உங்கள் கடிதம் வந்தது முந்தின நாள் என்றேன். "குழா கெட்டுக்கீதுன்னு?" அதற்கும் பதில் சொன்னேன். அவள் அம்மா என்னை வெளியே போகச் சொன்னார்கள். படலைத் தாண்டும்போது ஞானம்மாவின் குரல் பின்னால் வந்தது. "அக்கா, பம்பாய்க்கு எந்த ரயிலு?"

வருகிற சனிக்கிழமை தாதர் எக்ஸ்பிரஸில் வருகிறோம். அவள், குழந்தை, நான். பிரவீனா என் தங்கை வீட்டில் இருப்பாள். நடேசன் முத்திரையைத் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. கூடத்தில் கிடந்த பச்சைக் குழாய்த் துண்டும் அதுவும் என் பையில் இருக்கின்றன. உங்கள் கம்பெனியில் யார் விசாரித்தாலும் என்னை முதலில் கேட்கட்டும்.

அவள் என்னோடு பேசுவதில்லை. டிக்கெட் எடுக்கப் போனபோதும் வரிசையில் எனக்குப் பின்னால் தள்ளித்தான் நின்றாள். ரயிலடியில் அவள் உங்களை என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அன்பினால் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். அது உண்மைதான். ஆனாலும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேருமோ என்னவோ. தந்தியும் அடித்திருக்கிறேன். இந்த முறை நீங்கள் கரையில் இருக்கிறீர்கள். உடனே பிரித்துப் படியுங்கள்.

மதிவதனி