பேனரில் போடாத சொல்

மைசூர் மைன்ஸ்,
தங்கவயல்,
சித்திரை, ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அயர்லாந்தில் மழை விட்டதா? நீ அனுப்பிய படத்தில் உன் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம். எழுதி முடித்ததும் அம்மாவின் போனில் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ முனைவர் பட்டம் வாங்கியதற்கு நம் விகாரைச் சங்கம் எடுக்கும் பாராட்டு விழா புத்த பௌர்ணமி அன்று மாலை என்று முடிவாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து நீ ஊருக்கு வரும் அதே வாரம். உன்னை அறிமுகப்படுத்தி நான் பேச வேண்டுமாம். "உங்க பொண்ணு எழுதினத இந்த ஊர்ல படிச்ச ஒரே ஆளு நீங்கதாண்ணா" என்கிறான் செயலாளர் வேந்தன். படித்தேன் என்பது உண்மை. புரிந்ததா என்பது எனக்கே தெரியவில்லை.

புரிந்தவரை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. மாட்டின் உடம்பில் எங்கே தொட்டாலும் அதே மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டு, அந்தக் கேஜ், எல்லா லெவலுக்கும் இறங்கும். ஆனால் இந்த ஷிப்டில் எந்த லெவலில் ஆள் இறங்கி வேலை நடக்கிறது என்பதுதானே கணக்கு? அதைத்தான் நீ மரபணு வெளிப்பாடு என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். முதுகுத் தசையில் கொழுப்பு சேர்க்கும் மரபணுக்கள் மும்முரமாக இருந்தால் இறைச்சியில் வெள்ளை இழை ஓடும், மிருதுவாக வேகும். தசை நாரைத் தளர்த்தும் நொதியை அடக்கிவைக்கும் மரபணு மும்முரமாக இருந்தால் மெல்ல முடியாமல் போகும். தீனி, இனம், வயது, வெட்டுவதற்கு முன் மாடு பட்ட பயம் எல்லாம் இதை மாற்றும். சரிதானா?

உன் அட்டவணையில் ஒரே மாட்டின் முதுகுத் தசை ஒரு மாதிரியும் தொடைத் தசை வேறு மாதிரியும் எண் காட்டுவதைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. அஸே ஆபீசில் தங்கத்தின் அளவு பார்த்த காலத்தில், ஒரே இடத்துக் கல் இரண்டு விதமாகக் காட்டினால் சாம்பிள் மாறிப்போயிற்று என்றுதான் பொருள். பட்டம் கொடுத்த பிறகு பிழை கண்டுபிடித்துவிட்டேனே, சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் கேட்டபோது நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது பேனர். நான் அழகாக எழுதிக் கொடுத்தேன்: 'கால்நடைத் தசையில் மரபணு வெளிப்பாடு'. பிளெக்ஸ் கடை டைட்டஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத்த படிச்சி முடிக்கறதுக்குள்ள பஸ்சு போயிடும். பசு ஆராய்ச்சின்னு போட்டுக்கலாம், கும்முனு இருக்கும்" என்றான். நான் சரி என்றுவிட்டேன். மாட்டிறைச்சி என்ற சொல்லை நான் எழுதிக் கொடுக்கவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

போன தடவை நீ சொன்னது காதிலேயே நிற்கிறது: "நான் என்னா படிச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்தா எனக்கு அந்த மேடையே வேணாம்பா." வெட்கமில்லை, கயல். நம் வீட்டில் எந்தக் காலத்தில் அதற்கு வெட்கப்பட்டோம்? ஆனால் பசுவதைத் தடைச் சட்டம் வந்த பிறகு தெருவில் எல்லாரும் 'பெரிய கறி' என்றுகூட மெதுவாகத்தான் சொல்கிறார்கள். கறிக்கடைக்காரர் எருமைக்கறி என்கிறார். நான் மேற்கொண்டு கேட்பதில்லை. பௌர்ணமி அன்று விகாரையில் இறைச்சிப் பேச்சு கூடாது என்று வேந்தன் வேறு சொல்கிறான். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஞாயிறு காலை உயிர்க்கொலை செய்யேன் என்று பஞ்சசீலம் சொல்கிறேன், மதியம் அம்மா கறிக்குழம்பு வைக்கிறாள். இத்தனை வருடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்டதில்லை. இப்போது நீ கேட்கவைத்துவிட்டாய்.

பேனர் நாளை கட்டுகிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் நலமே நினைக்கும்,
அப்பா தம்மபாலன்

*

மைசூர் மைன்ஸ்,
அடுத்த ஞாயிறு

அன்புள்ள கயல்,

உட்கார்ந்து படி. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பேனர் கட்டிவிட்டார்கள். பட்டமளிப்பு அங்கியில் நீ நிற்கிறாய். உனக்குப் பின்னால் வெள்ளைப் பசு ஒன்று கன்றோடு நிற்கிறது, அதன் தலையைச் சுற்றிச் சூரியக் கதிர். 'பசு ஆராய்ச்சியில் முனைவரான எங்கள் தங்கவயலின் தங்கமே' என்று எழுதியிருக்கிறது. அது வாழ்த்துப் பேனரா, கோயில் பேனரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. டைட்டஸிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அந்த பசு ஒண்ணுதான் சார் நல்லா கீது" என்றான்.

இன்று மதியம் விகாரையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியிருப்பேன். வாசலில் நம் பால்காரர் வாசு, கூட மூன்று பேர். பேத்தமங்களாவிலிருந்து தினமும் பால் கொண்டுவருகிறாரே, அவர்தான். அங்கே அவர்கள் கோ சேவைச் சங்கம் ஒன்று வைத்திருக்கிறார்களாம். பழத்தட்டு, மாலை, சால்வை எல்லாம் இருந்தன. பேனரைப் பார்த்தார்களாம். வெளிநாடு போய் நம் பிள்ளை பசுவுக்காகப் படித்திருக்கிறதே என்று பூரித்துப்போய் வந்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சால்வை என் தோளில் விழுந்துவிட்டது.

அம்மா என்ன சமைத்துக்கொண்டிருந்தாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை. குக்கர் விசில் வேறு அடித்தது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மோர் கொண்டுவந்தாள். வாசு மூக்கை இழுத்து, "மசாலா கமகமன்னு வருதே, இன்னாம்மா இன்னிக்கி?" என்றார். அம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பலாக்கொட்ட கொழம்புங்க" என்றாள்.

பிறகு வாசு, "பாப்பா இன்னா சார் கண்டுபுடிச்சிருக்கு?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. மாடு பயந்தால் அதன் தசைக்குள் மரபணுக்களின் வேலையே மாறிப்போகிறது, தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துவிடுகிறது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்டு சார்! பயந்தா பாலே எறங்காது. லாரி ஏத்தினா பாவம், நடுங்கும்" என்றார். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சர்க்கரை தீர்ந்தால் இறைச்சி கறுத்துப்போகும் என்ற அடுத்த வாக்கியத்தை மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். உண்மையில் பாதியைச் சொன்னால் அது என்ன கணக்கில் வரும் என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன்.

போகும்போது அவர்கள் சங்கத்துக் கோ பூஜையில் நீ பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே ஊகித்துக்கொள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா, "சால்வ உங்களுக்கு நல்லாதான் கீது. அப்டியே போத்திக்கினு சாப்புட வாங்க" என்றாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அது வீம்பு இல்லை. உன் ஆராய்ச்சியைப் படித்த பிறகு தட்டில் ஒரு துண்டைப் பார்த்தால், இது பயந்ததா பயப்படாததா என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயம் ஒரு தசைக்குள் போய்த் தங்கும் என்றால், ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்த என் உடம்பில் எந்த லெவலில் என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறதோ? அதில் ஏதாவது உனக்கு வந்திருக்கிறதா? வந்ததாகத் தெரியவில்லை. அது அம்மாவின் புண்ணியம் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நீ இங்கே இருக்கப்போவது இரண்டு வாரம். அதன் பிறகும் இந்தத் தெருவில் நாங்கள் இருக்க வேண்டும். எழுதிவிட்டு இதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

என்ன செய்யட்டும், சொல்.

அப்பா

*

மைசூர் மைன்ஸ்,
வைகாசி பிறப்பதற்கு முன்,
புதன்

என் கயலுக்கு,

போன ஞாயிறு ராத்திரி போனில் நீ கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிதானமாக, "மொதல்ல அந்த சால்வய திருப்பிக் குடுங்கப்பா. டிக்கெட்ட மாத்தறதா வேணாமான்னு அப்பறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாயே. நீ வருவாய் என்று தினமும் உன் அறையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அதை நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேத்தமங்களா பஸ்சில் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். வாசு தொழுவத்தில் தீவனம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கடைசியாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். "வாசு, என் மகள் படித்தது மாட்டிறைச்சி. எது நல்ல இறைச்சி, ஏன் நல்ல இறைச்சி என்று படித்தாள். அன்றைக்கு நான் பாதிதான் சொன்னேன்."

அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை. அடுத்த கட்டை இழுத்துவைத்துக்கொண்டே, "பலாக்கொட்ட வாசன எனக்கு தெரியாதா சார்?" என்றார்.

சிரித்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபமும் தெரியவில்லை. தானாகவே பேசினார். கிடாரிக்கன்று பிறந்தால் வைத்துக்கொள்வாராம். காளைக்கன்றை என்ன செய்வது, சந்தையில் விற்கிறாராம். "வாங்கினவன் எங்க இட்டுகினு போறான்னு நான் கேக்கறதில்ல சார். கேட்டா அடுத்த தபா விக்க முடியாது." எனக்கு நம் கறிக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பூஜைக்கி பாப்பாவ கூப்புட்டத நான் எதுனா சொல்லி நிறுத்திக்கிறேன். ஆனா அன்னிக்கி கூட வந்தவங்க மனசுக்கு நான் பொறுப்பில்ல. அந்த பேனர நீங்க மொதல்ல மாத்துங்க. வேற யாராவது மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே மாத்துங்க."

சால்வையை நீட்டினேன். வாங்கித் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி நறுக்க உட்கார்ந்துவிட்டார். அது மன்னித்த மாதிரியா, இல்லையா, எனக்குப் புரியவில்லை. நேற்று பால் வரவில்லை. இன்று தாமதமாக வந்தது, அளவு சரியாக இருந்தது. இதற்கும் பொருள் தெரியவில்லை.

திரும்பும் வழியில் டைட்டஸ் கடையில் இறங்கி, 'மாட்டிறைச்சியின் தரமும் தசையின் மரபணு வெளிப்பாடும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு என்னையே பார்த்தான். "சார், பஸ்சு போயிடும்" என்றான். "அடுத்த பஸ் வரும்" என்றேன். பசுவையும் கதிரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். நீ மட்டும் போதும்.

வேந்தனிடமும் சொன்னேன். "இன்னாண்ணா, இத்தினி வருஷமா கமிட்டில வாயே தொறக்கல, தொறந்தா இதுக்கா தொறப்பீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பௌர்ணமி அன்று வேண்டாம், அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டேன். நீ அன்றும் இங்கே இருப்பாய் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். இருப்பாயா?

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ராத்திரி ஒரு தடவை எழுந்து, பழைய பேனரையே விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். காலையில் அம்மா உன் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீ மேடையில் மரபணுவிலிருந்து ஆரம்பி. மாட்டிறைச்சி என்ற அந்தச் சொல்லை உனக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் யாராவது எழுந்து ஏதாவது கேட்டால், முதலில் சொன்னவன் நான் என்று இருக்கட்டும். கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். நான்கில் மூன்று தடவை வருகிறது. அன்று என் குரல் அடைத்துக்கொண்டால், நீ எழுந்து எனக்காகச் சொல்லிவிடாதே, கண்ணு. பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள். சொல்லிவிடுவேன்.

டிக்கெட்டைப் பற்றி அம்மாவிடமாவது சொல். கோட்டுக்குப் பொத்தான் எடுத்துவைத்திருக்கிறாள்.

நீ வரும் வழி நல்ல வழியாக இருக்கட்டும்.

உன் அப்பா,
தம்மபாலன்