உறவுமுறைக் கட்டம்

ரூபி,

நான் வேலைக்கு வெளிக்கிட்டன், புட்டு மூடி வச்சிருக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு. பத்து மணிக்கு, வீட்டு ஆக்களைப் பதியிற ஃபோமை வாங்க எங்கட கிராம சேவகர் விதானையார் வருவார். கீழ இருக்கிற வீட்டுக்கார ஆன்ரியும் கூட மேல ஏறி வருவா. எனக்கு அவவை நினைச்சாத்தான் பயம்.

விடியப் பால் வாங்கப் போகேக்க கேற்றடியில மறிச்சுப்போட்டா. "பிள்ளை, நீ அவளை மச்சாள் எண்டாய். அவள் உன்னைப் பெரியம்மாவின்ர மகள் எண்டாள். எது சரி?" எண்டு கேட்டா. நான் சிரிச்சுச் சமாளிச்சிட்டு வந்தனான். வீட்டை விட்டு எழுப்பினா வெள்ளவத்தையில எங்க ரெண்டு பேருக்கும் ஆர் வீடு தருவினம்? பொலிசுக்குச் சொன்னா, ரெண்டு பொம்பிளையள் இப்பிடி இருந்தா உள்ள போடுற சட்டம் இன்னும் கிடக்குத்தானே.

மற்ற அறைக் கட்டிலிலும் ஆள் படுத்த மாதிரிப் போர்வையைக் கசக்கி விட்டிருக்கிறன். எங்கட படம் அரிசி வாளிக்குள்ள. வெளிக்கிடேக்க கதவுத் திறப்பை ஆன்ரியிட்டக் குடுக்காதை. இதை வாசிச்சதும் கிழிச்சுப் போடு.

துளசி

பி.கு: ஃபோம் மேசையில. எல்லாம் நிரப்பிட்டன், உன்ர பேருக்குப் பக்கத்தில 'உறவுமுறை' மட்டும் வெறுமையாக் கிடக்கு. நேற்று நீ "நான் உனக்கு ஆர்?" எண்டு கேக்க, நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தனான். இந்த ஃபோமும் அதையேதான் கேக்குது. பொய் எழுதக் கை வரேல்லை, உண்மை எழுதத் துணிவு வரேல்லை.

நீயே எழுது ரூபி. எழுதினதை எனக்கு மெசேஜ் போடு. ஆர் கேட்டாலும் நானும் அதையே சொல்லுவன்.