அர்ச்சுனன் படிக்காத கடிதங்கள்

மரக்காணம்
22.1.2006

தமிழரசனுக்கு உன் அப்பா எழுதுவது.

இதை அர்ச்சுனன் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். மழைக்கு உப்பளம் மூடிக் கிடந்தபோது வளர்கல்வி மையத்துக்குப் போனேன். இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். உப்பு மூட்டையில் முதலாளி பெயரையும் படித்தேன். இத்தனை வருஷம் முதுகில் சுமந்த பெயர்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘நலம்’ இருக்கிறது. எனக்குச் சுலபமான எழுத்து. பொங்கலுக்கும் நீ வரவில்லை. உனக்கு எடுத்து வைத்த கரும்பு காய்ந்துவிட்டது.

இனி உன் கடிதத்தை அர்ச்சுனன் படிக்கமாட்டான். படித்துக் காட்டினால் கிடைக்கும் டீ போச்சு என்று அவனுக்கு வருத்தம். பெரிய எழுத்தாக எழுது.

கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அப்பா,
சிங்காரம்


கல்லூரி விடுதி, சென்னை
3.2.2006

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன்.

அர்ச்சுனன் அண்ணன் படித்தால் தெருவே கேட்கும் என்றுதான் ‘நலம்’ என்று எழுதிவந்தேன். இனி உண்மையை எழுதலாம். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

எங்கள் கல்லூரியில் புத்தகத்தையும் வகுப்பையும் எடுத்துவிட்டு, பாடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள். காலி அறையில் கேமரா முன் நின்று கணக்கு நடத்துகிறேன். பதிவு முடிந்தால் எனக்கு வேலை இருக்காது. முடிக்காமல் கிளம்பவும் முடியாது. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் அவர்களிடம் இருக்கின்றன. அதுவரை லீவும் இல்லை.

ஒரு பாடத்தின் சி.டி. அனுப்புகிறேன்.

உங்கள்,
தமிழரசன்


மரக்காணம்
26.2.2006

தமிழரசா,

கடிதம் படித்து முடிக்கச் சில நாள் ஆனது. ‘ஒரிஜினல்’ என்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். “சம்பளம் ஏத்திட்டாங்களாம்” என்று தாளைப் பார்த்தே படித்தேன். எழுதாததைப் படிப்பது சுலபமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் வினோதினி சி.டி.யைப் போட்டாள். நீ வந்தாய். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

“சாப்டியாடா?” என்றாள்.

“இதுவரைக்கும் புரிஞ்சுதா?” என்றாய்.

“ஒண்ணும் புரியல. நீ இளைச்சுட்ட.”

“சரி, அடுத்த கணக்குக்குப் போவோம்.”

“அப்படியே அப்பன் மாதிரி. சொன்னா காதுல வாங்கமாட்டான்” என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உன்னைப் பார்க்கிறோம்.

அப்பா


சென்னை
20.4.2006

அப்பா,

பாதிக்கு மேல் பதிவு முடித்திருந்தேன். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இன்னும் ஒரு வருஷம் ஆகும். சர்ட்டிபிகேட் கேட்டேன். “எங்க போயிடப் போறீங்க?” என்று முதல்வர் சிரித்தார்.

காலி அறையில் பேசிப் பேசி, சாப்பிடும் இடத்தில் மனிதர்களிடம் பேச்சு வருவதில்லை.

அம்மாவுக்கு என்னை சி.டி.யில் பார்த்துப் பழகிவிட்டது. அதுவே போதும். இன்னொன்று அனுப்புகிறேன்.

தமிழரசன்


மரக்காணம்
7.5.2006

என் மகனுக்கு,

சி.டி. வந்தது. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை எழுதியதை மட்டும். எனக்கு மெதுவாகத்தான் வரும். அவள் அவசரப்படுத்தவில்லை. பழைய கடிதத்தையும் எடுக்கச் சொன்னாள். அதையும் படித்தேன்.

“அப்போ சம்பளம் ஏத்தல” என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்குக் கூப்பிட்டேன். “அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறவன் நான் கேட்டா பதில் சொல்றதில்ல. எனக்கு வேணாம். புள்ளய வரச் சொல்லு” என்றாள்.

சர்ட்டிபிகேட் இல்லாமல் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அதை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம்.

பதில் எழுதாதே. கடிதம் வந்தாலும் பிரிக்கமாட்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பிரிக்கமாட்டேன்.

உப்பளத்தில் வேலை முடிந்ததும் சாயங்காலம் சென்னை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். இனி நான் படிக்கப்போவது பஸ் போர்டு மட்டும்தான்.

அப்பா