ஹேமாவதிக்குச் சொன்ன பால்வெளி

பழவேற்காடு,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

ஆண்டவர் தயவில் எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை உதயகுமாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலையும் மெழுகுவத்தி ஏற்றினேன். சுண்ணாம்புக்குளத்தில் உன் நாத்தனார் சாந்தியின் கிரகப்பிரவேசத்தில் நான் உன் மாமியாரோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், அது ஜெர்மனி வரைக்கும் வந்திருக்கும். அது பொய். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சண்டை என்று ஒன்றும் இல்லை. என் குரல் கொஞ்சம் உயர்ந்தது, அதை மறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்திக்குக் காத்திருக்கும்போது யாரோ உன் மாமியாரிடம் மருமகள் அங்கே இன்னா வேலை செய்யுதுன்னு கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் பெற்றவள் நான் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டது அவரை. ஹேமாவதியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல எல்லாம் வெறும் காத்துதாம்மா. அது அங்கங்க கூடிக் கூடி நட்சத்திரமாச்சு, நட்சத்திரம் கூடிக் கூட்டமாச்சு. நம்ம பால்வெளிக் கூட்டம் அக்கம்பக்கத்துல இருந்த சின்னச் சின்னக் கூட்டத்தையெல்லாம் முழுங்கித்தான் பெருசாச்சு. ஆயிரம் கோடி வருசத்துக்கு முன்னால ஒண்ணு வந்து மோதிச்சு பாரு, அதையும் முழுங்கிடுச்சு. நம்ம சூரியனெல்லாம் அதுக்கு ரொம்பப் பின்னால பொறந்தது. முழுங்கின நட்சத்திரம் எதெதுன்னு பொறுக்கி எடுக்கிறதுதான் எங்க ஜெசி வேலை." ஜெசியாம். உன் பெயரை ஓர் எழுத்தும் குறைத்துக் கூப்பிட நான் யாரையும் விட்டதில்லை, உன் அப்பா தேவதாஸையும் விட்டதில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. விழுங்கிவிட்டது என்றால் கரைந்துபோயிற்று என்று பொருள், ஆயிரம் கோடி வருடம் கழித்து எதைப் பொறுக்குவது, ஏரியில் விழுந்த மழைத்தண்ணீரை யாராவது தனியாக மொண்டு காட்ட முடியுமா, படித்த பெண் சொன்னதைத் தப்பாகச் சொல்லக் கூடாது என்று எல்லோர் முன்னும் சொன்னேன். இலை போட்டுக்கொண்டிருந்த முனியம்மா அப்படியே நின்றுவிட்டாள். கழுத்தளவுத் தண்ணீரில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். "இன்னா போஸ்டம்மா இப்படிச் சொல்லிட்ட. முகத்துவாரம் தொறந்து கடத்தண்ணியோட வந்த இறாலு எது, ஏரியிலயே கெடந்தது எதுன்னு என் கையி சொல்லாதா? கெடந்தது பதுங்கும், வந்தது தெறிக்கும். ரெண்டு மாசம் ஒண்ணாக் கெடந்தாலும் அதோட ஓட்டம் வேறதான்"னு சொன்னாள். உடனே உன் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அதேதாண்டி! வெளியிலேர்ந்து வந்த நட்சத்திரம் இன்னும் கோணலா நீளமாத்தான் ஓடுதாம், அதுல இரும்பு கூடக் கம்மியாம், ஜெசி சொன்னா"னு சொல்லவும் எல்லோரும் சிரித்தார்கள். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவளுக்கு முனியம்மா வானத்தைக் கற்றுக்கொடுத்தாள் என்று சாம்பார் வரும்வரை அதே பேச்சு.

மறுநாள் கம்ப்யூட்டர் கடையில் நீ எழுதிய கட்டுரையை அச்செடுத்து அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். கன்னியாஸ்திரிகள் கற்றுத் தந்த இங்கிலீஷ் பாதி தூரம்தான் வந்தது. ஆனாலும் புரிந்தது. உன் மாமியார் சொன்னது சரி. ஐந்தாம் வகுப்பு படித்தவர் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறார். தப்புச் சொன்னவள் நான். அதைவிட இன்னொன்றும் சொல்கிறேன். போன வாரம் எளாவூரில் பஸ் நின்றபோது அவர் வாசலைப் பார்த்தேன். நீ ஜனவரியில் அவருக்கு மாவில் வரைந்து காட்டிய பால்வெளிச் சுழலைத் தினம் கோலமாகப் போடுகிறாராம், சுழலின் ஒரு கையின் நடுவில் சூரியனுக்கு ஒரு காவிப்பொட்டு வேறு. பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாசலுக்கு நீ ஒரு புள்ளியும் வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஜனவரியில் நீ முதலில் என்னிடம்தான் வந்தாய், அம்மா நம்ம பால்வெளி எப்படி வந்ததுன்னு தெரியுமா என்றுதான் ஆரம்பித்தாய். நான் தலையை வாரிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து பேசு என்றேன். நீ போய் வாரிக்கொண்டு வந்தாய், உட்கார்ந்தாய், பேசவில்லை. மறுநாள் எளாவூர் போனாய். அங்கே அவர் நண்டு கழுவிக்கொண்டே அப்புறம் அப்புறம் என்று கேட்டிருக்கிறார். நிமிர்ந்து உட்காரச் சொன்னது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அப்புறம் என்று கேட்காதது தப்பு. அதற்காக அவர் மேல் எனக்கு இருக்கும் பொறாமை போய்விடவும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், ஃபாதர் ஜெபம் கொடுத்தார், பொறாமை அப்படியேதான் இருக்கிறது.

மாப்பிள்ளையின் இருமலுக்குத் தூதுவளைப் பொடி அனுப்பியிருக்கிறேன், வெறும் வயிற்றில் கொடுக்காதே. தொலைநோக்கி வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அப்பாவின் நினைவு நாள், அங்கேயும் ஒரு பூசைக்குச் சொல். தேவமாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக.

அந்த முதல் காற்று எங்கிருந்து வந்தது, அது ஏன் ஒன்று கூடியது, இப்போதும் நம்முடைய கூட்டம் எதையாவது விழுங்கிக்கொண்டிருக்கிறதா, இந்த மூன்றையும் உன் மாமியாரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல். போனில் வேண்டாம், தாளில் உன் கையால் பதில் எழுது.

உன் அம்மா,
பிலோமினா தேவதாஸ்