தடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

கீரனூரில் இன்று பஸ்ஸில் இஞ்சி மரப்பா விற்பவர் ஏறினார். வாசனை வந்ததுமே எனக்கு எரிச்சல். நீதானே எந்நேரமும் அதை வாயில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவாய்! தொண்டை கட்டிக்கொண்டாலும் பிள்ளைகள் உன்னைத்தான் கேட்டார்கள். ஏனோ, ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாம் இருவரும் சேர்ந்து நடத்திய இங்கிலீஷ் டியூஷன். நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் என் வகுப்பு, அந்தப் பக்கம் உன் வகுப்பு. இன்ஃபினிட்டிவ் நடத்தும் வாரம் வந்தாலே என் வயிறு எரியும். 'டு' வந்தால் பின்னால் வரும் வினைச்சொல் காலம் காட்டக் கூடாது என்று போர்டு நிறைய எழுதிப்போடுவேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் ஒழுங்காகத் தப்புச் செய்வார்கள்.

நீ போர்டு பக்கமே போக மாட்டாய். "ஒனக்கு என்னா செய்ய ஆசை, சொல்லு" என்று ஒவ்வொருவராக எழுப்புவாய். ஒருவன், "ஐ வாண்ட் டு வென்ட் டு சிங்கப்பூர்" என்றான்.

"அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியாடா? எங்களுக்கு என்னா வாங்கியாந்த?"

தடுப்பே ஆடியது, அப்படியொரு சிரிப்பு.

"ஆசைப்படுறப்ப இன்னும் போகலைல்ல? அப்பறம் வென்ட் எதுக்கு? டு கோ."

அவ்வளவுதான். அவன் அதன்பின் தப்பே செய்யவில்லை. என் பிள்ளைகளோ என்னை விட்டுவிட்டுத் தடுப்பில் காதை வைத்திருந்தார்கள்.

நான் பொறாமைப்பட்டேன், இப்போதும் படுகிறேன். என் வகுப்பு ஒரு தடவையாவது அப்படிச் சிரிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். உன்னிடமே சொன்னேன். "மொதல்ல நீ சிரிடி, அப்பறம் பாரு" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் காய்ச்சலென்று படுத்தவள் நீ, எழவே இல்லை. தடுப்பை எடுத்தாயிற்று. உன் பிள்ளைகளும் இப்போது என்னிடம்தான்.

இன்று சாயங்காலம் நான் போர்டைத் தொடவில்லை. ஒரு பெண்ணை எழுப்பி, என்ன ஆசை என்று கேட்டேன்.

"ஐ வாண்ட் டு ஏட் பிரியாணி, டீச்சர்."

"தின்னே முடிச்சிட்டியா? எனக்கு ஒரு வாய் வைக்கலையேடி!"

என் வாய்தான் சொன்னது. வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷ ஆசை!

அப்போது உன் பழைய மாணவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அந்த டீச்சர் மாதிரியே இருக்குல்ல?"

செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாயே, பாவி! பையைத் திறந்து ஒரு மரப்பாவை வாயில் போட்டுக்கொண்டேன். காரம் கண் வரை ஏறியது.

"அடுத்து யாரு?" என்றேன். "ஒனக்கு என்னா செய்ய ஆசை, சொல்லு."