குவீன்ஸ்லாந்து மழைக்கு ஒரு மிளகாய்க் குச்சி

ஜன. 6, செவ்.

வெயில். பினாங்கில் ஒரு சொட்டு மழை இல்லை. பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு வியாபாரத்துக்கு மிளகாய் அரைத்து விரல் எரிகிறது. முப்பது சோற்றுப் பொட்டலம் கட்டி ஆபீஸ்களுக்கு அனுப்பியாயிற்று.

மழை எல்லாம் ஆஸ்திரேலியாவில். அங்கே இப்போது கோடை. பெரியம்மாவின் மகன் சுரேஷ் அண்ணன் குவீன்ஸ்லாந்தில் மாம்பழம் பறிக்கப் போயிருக்கிறார். பறித்தால்தான் கூலி. மே மாதம் அவருக்குக் கல்யாணம். போனில், "இன்னிக்கும் வேலை இல்லம்மா. காயெல்லாம் மரத்துலயே அழுகுது."

போனை வைத்துவிட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்தார். மழையை அனுப்பியவளே நான்தான் என்பது போல.

ஜன. 7, புதன்

பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக் என்போம், அவர் வீட்டில் கல்யாணம். வாசலில் பந்தல். மழை வராமலிருக்க ஈர்க்குக் குச்சியில் சிவப்பு மிளகாயும் வெங்காயமும் குத்தி நட்டிருந்தார்கள். ஆண் வாடை படாத பெண் நட வேண்டுமாம்.

அந்த யோசனையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டார். அது இந்த வாசலுக்குத்தான், ஆஸ்திரேலியாவுக்கு எட்டாது என்று மக்சிக் சிரித்தார். "சாமிக்குத் தூரம் ஏது?" என்றார் பெரியம்மா.

ஷாலினி அக்கா, பெரியம்மாவின் மகள், நகத்தை ஊதிக்கொண்டே, "எனக்கு நகப்பூச்சு போயிரும்லா. அவ நடட்டும்."

நட்டேன். பின்வாசல் பூச்சட்டியில், அண்ணனின் பழைய சட்டைத் துண்டின் மேல், தெற்குப் பார்த்து. தெற்கே எங்கள் சாக்கடைதான் இருக்கிறது.

ஜன. 10, சனி

மழை அங்கே நிற்கவில்லை.

சுரேஷ் அண்ணன் எனக்கு மட்டும் ஒரு வீடியோ அனுப்பினார். அந்த மாந்தோப்புக்காரர் பேசுகிறார். கீழே மலாய் எழுத்து ஓடியதால் புரிந்தது. தென்துருவத்தைச் சுற்றி ஒரு காற்று வளையம். சில சமயம் விரியும், சில சமயம் துருவத்தை நோக்கிச் சுருங்கும். கோடையில் சுருங்கினால் கடலின் ஈரக்காற்று அவர்கள் கரைக்குள் நுழைய வழி கிடைக்கும். எப்போதும் அதுவே காரணம் இல்லையாம். இந்த முறை அதுதானாம்.

மூன்று தடவை பார்த்தேன். மனிதரே இல்லாத பனியில் ஒரு காற்று நகர்கிறது, இங்கே எனக்குத் திட்டு.

சாப்பாட்டின்போது வாயைத் திறந்தேன். "பெரியம்மா, தென்துருவத்துல..."

"துருவமா? ரசத்துல உப்பு எங்கடி?"

மூடிக்கொண்டேன்.

ஜன. 13, செவ்.

"கேஸ் தோங் கொண்டு வர்றவன்கிட்ட என்னடி சிரிப்பு?"

சிரிக்கவில்லை. சிலிண்டருக்குக் கொடுத்ததில் மிச்சக் காசு வாங்கினேன். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. செருப்பு தெரியும். நீலம்.

"சுத்தமான பொண்ணு நட்டா நிக்காத மழ எது?" என்று கேட்டார் பெரியம்மா.

ஷா. அக்கா: "விடுங்கம்மா, சின்னப் பொண்ணு. ஆனா கேஸ் தீந்து போற வேகத்தப் பாத்தா எனக்கே சந்தேகம்லா."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பெரியம்மா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம உங்கம்மாவ வரச் சொல்றேன். மூஞ்சிக்கு நேரா சொல்லி, கூட்டிட்டுப் போன்னு அனுப்பிர்றேன்."

என்னை இங்கே விட்டுவிட்டு அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில், தொழிற்சாலை வேலையில். இதைக் கேட்டால் என்ன ஆவாள்? நம்பிவிட்டால்?

இந்த வீட்டில் நான் வெறுப்பவை: பெரியம்மாவின் வளையல் சத்தம். ஷா. அக்கா சிரிக்கும்போது மூக்கு சுருங்குவது. என் வாய்.

ஜன. 16, வெள்ளி

நேற்றுப் பொங்கல். இங்கே சூரியனுக்குப் படையல். அங்கே அந்தச் சூரியன் வேலைக்கே வரவில்லை.

இன்று வீடியோ அழைப்பு. "இவ கை சரியில்லடா சுரேசு," என்றார் பெரியம்மா. பின்னால் நின்று அண்ணனையே பார்த்தேன். காற்று வளையத்தை எனக்குச் சொன்னதே அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வேற யாரயாச்சும் நடச் சொல்லும்மா. லைன் சரியில்ல."

வைத்துவிட்டார். கோழை.

பாத்திரம் கழுவும்போது அந்தச் சொல்லே காதில். வேறு யாரையாவது.

போனில் வளையத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். சுருங்கியே இருக்கிறது. இன்னும் சில வாரம் இப்படித்தான், மழை தொடரும் என்று போட்டிருந்தது.

ஜன. 18, ஞாயிறு

வெயில். அம்மா பஸ், ஃபெரி பிடித்து வந்தாள். மடியிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். குச்சி, மழை, கேஸ்காரன். "ஒன் மக சுத்தம்னா மழ ஏன் நிக்கல?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

காலையிலேயே புதுக் குச்சி குத்தி வைத்திருந்தேன். நல்ல மிளகாய், சின்ன வெங்காயம். எடுத்துப் போய் ஷா. அக்காவிடம் நீட்டினேன்.

"அக்கா, வேற யாராச்சும் நடணும்னு அண்ணன் சொன்னாங்கல்ல. நீங்க நடுங்க."

என் குரல்தான்.

"எனக்கா? எனக்கு... நகம்..."

"குச்சிதானம்மா," என்றாள் என் அம்மா மெதுவாக. "நகத்துக்கு என்ன ஆகப் போவுது?"

பெரியம்மாவின் கழுத்து நிமிர்ந்தது. "நடுடி. எம் மக நட்டா நாளைக்கே நிக்கும்லா. எல்லாரும் பாக்கட்டும்."

ஷா. அக்கா நட்டாள். வெங்காயம் கழன்று விழ, மறுபடி குத்தினாள். மூக்கு சுருங்கவில்லை.

அவள்மேலும் ஒரு தப்பும் கிடையாது. எனக்குத் தெரியும்.

அம்மா என்னைக் கூட்டிப் போகவில்லை. மழை நிற்கிறதா பார்க்கலாம் என்று பெரியம்மா விட்டுவிட்டார். வாசலில் அம்மா என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

இப்போதுதான் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வளையம் அசையவில்லை, நாளைக்கும் அங்கே மழைதான். காலையில் சுரேஷ் அண்ணன் போன் வரும். பெரியம்மாவே எடுக்கட்டும். ஷா. அக்கா பக்கத்திலேயே நிற்கட்டும்.