நுனி மடித்த ஃபிலிம்

அன்பு மகள் ரெங்கானிஸுக்கு,

அல்லாஹ்வின் கருணையால் நான் சுகம், என் முட்டிவலியும் சுகம். அந்தப் பனி ஊரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சளி இருமல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பாண்டுங்கில் விடாத மழை, பின்பக்கம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். முக்கியமான சேதி, உன் அப்பன் இப்போது கலைஞனாகிவிட்டான், சிரிக்காதே. நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தார்ப்பாய், தகரக் கதவின் துரு, ஆள் ஏற்றும் ஆங்கோட் வேனின் பச்சைப் பெயின்ட் என்று கிட்டப்போய் எடுக்கிறேன். எது என்னவென்றே தெரியாமல் வெறும் நிறமாக வரவேண்டுமாம், எனக்கு அது தானாகவே வருகிறது, ஃபோகஸ் பார்க்கத் தெரிந்தால்தானே. மீன்காரம்மா, என்ன பெரியவரே தார்ப்பாயை மோந்து பாக்குறீங்க என்று கேட்டாள். ஃபிலிம் கழுவும் செசெப் மட்டும், பாக் குஸ்னாடி, ஐயா, உங்க கண்ணு யாருக்கு வரும் என்று ஏற்றிவிடுவான். எல்லாரிடமும் அவன் அப்படித்தான் சொல்வான், தெரிந்தும் வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வருவேன்.

இனிமேல் உள்ளதை உட்கார்ந்து படி, நெங், என் செல்ல மகளே. போன பெருநாளுக்கு வந்தபோது அம்மாவை ஒரு ரோல் முழுக்க எடுத்தாயே, அடுத்த தடவை வந்து நானே கழுவுறேன் என்று அலமாரியில் வைத்தாயே, அதற்கப்புறம் நாற்பது நாள்கூட அவள் இருக்கவில்லை. எடுத்து முடித்த ரோல் என்றால் மற்றவர்கள் நுனியை உள்ளே சுருட்டிவிடுவார்கள், நீயோ கழுவ வசதி என்று வெளியே விட்டு, அடையாளத்துக்கு மடித்து வைப்பாய். உன் புத்திசாலி அப்பன் அதைப் புது ஃபிலிம் என்று நினைத்து, ஐயோ மடங்கிப்போச்சே என்று நகத்தால் நீவி நேராக்கிக் கேமராவில் போட்டு, முப்பத்தாறையும் நீ எடுத்த அம்மாவின் படங்கள் மேலேயே எடுத்து முடித்தேன். செசெப் பிரிண்ட் போட்டு ஓடிவந்து, கலக்கிட்டீங்க பாக், சிவப்புக்குள்ள ஒரு பொம்பள நிக்கிறாப்புல இருக்கு, கண்காட்சிக்கு வச்சிரலாம் என்றான். பார்த்தேன். துருவுக்குள்ளே அவள் தோள், நீலத் தார்ப்பாய்க்குள்ளே அவள் கை. அவன் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்ல மூன்று தடவை போன் செய்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆனால் இருபத்திரண்டாவது படத்தைப் பார். அதை எடுக்கும்போது நான் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. இந்தக் கேமராவில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு, மூடியிருந்தாலும் தெரியாது, ஆங்கோட்டைப் படமெடுத்ததாக நினைத்து இருட்டை எடுத்திருக்கிறேன். அதனால் அதில் என் கலை ஒன்றும் படவில்லை. அம்மா சாதக் கரண்டியும் கையுமாக, போதும்டி நெங் என்று உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். முகம் முழுசாக இருக்கிறது.

அந்தப் படத்தை உள்ளே வைத்திருக்கிறேன், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மனநிம்மதியும் தரட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. கோபம் வந்தால் போனில் வாய்க்கு வந்தபடி திட்டு கண்ணு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, வீட்டில் எனக்கு வேறு குரல் இல்லை.

உன் அப்பா,
குஸ்னாடி